எல்லையைச் சுற்றி ஒரு நடை
தாராவி சங்கத்தாருக்குத் திறந்த மடல்

தாராவியின் சங்கத் தலைவர்களுக்கும், கோயில் கமிட்டியாருக்கும், ஜமாஅத் பெரியவர்களுக்கும், சபை மூப்பர்களுக்கும், பண்டிகைக்குப் பண்டிகை நோட்டும் கையுமாக வரி பிரிக்க வரும் அண்ணாச்சிமாருக்கும் வணக்கம்.

வீடு யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று பேச இங்கே மேடைகளுக்குக் குறைவில்லை. நான் எழுத வந்தது வேறொரு விஷயம். உங்கள் பீரோக்களிலும் தகரப் பெட்டிகளிலும் கிடக்கிற பழைய நோட்டுகள் பற்றி.

2024 மார்ச்சில் கமலா ராமன் நகரில் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கியது. அன்று முதல் கல்லி கல்லியாக வந்து கதவில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். கோலி என்கிற ஒற்றை அறை வீடு எத்தனை அடி, கீழ்த்தளமா மேல்தளமா, கையில் என்ன காகிதம் இருக்கிறது, 2000 ஜனவரி 1க்கு முன்பு வந்தவரா பின்பு வந்தவரா, இவைதான் கேள்விகள். அந்தத் தேதிக்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் இருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி. மற்றவர்கள் வெளியே போக வேண்டியிருக்கும். உங்கள் தாத்தா எந்த ஊரில் ரயிலேறினார், வந்த முதல் இரவு யார் கோலியில் படுத்தார், எந்தத் தோல் ஷாப்பில் யார் சொல்லி வேலைக்குச் சேர்ந்தார் என்பதற்கெல்லாம் அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. இருக்கும் என்று எதிர்பார்ப்பதும் தப்பு. நிலத்தை அளக்க வந்தவர்கள் நிலத்தைத்தான் அளப்பார்கள். மற்றதை எழுதி வைப்பது ஊராரின் பொறுப்பு. ஊரார் என்றால் இங்கே நீங்கள்தான்.

இந்த ஒரு காரியத்தில் இங்கிலாந்துக்காரர்களிடம் கற்றுக்கொள்ள இருக்கிறது. அங்கே ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதிக்குப் பாரிஷ் என்று பெயர். ஒரு தேவாலயம், சுற்றிக் கல்லறைத் தோட்டம், கொஞ்சம் வீடுகள், வயல்வெளி, எல்லாவற்றையும் வளைத்து ஓர் எல்லை. தெற்குச் சீமைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இடையன்குடியும் மெஞ்ஞானபுரமும் நாசரேத்தும் அந்த அச்சில் வார்த்த ஊர்கள். 1538இல் எட்டாம் ஹென்றி ராஜாவின் மந்திரி தாமஸ் குரோம்வெல் ஓர் உத்தரவு போட்டார்: ஒவ்வொரு பாரிஷிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் குருவானவர் வாராவாரம் ஒரு புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். உத்தரவு போட்டவர் இரண்டே வருடத்தில் தலை இழந்தார். அவர் தொடங்கி வைத்த பதிவேடு நிற்கவில்லை. ஒரு கூலியாளின் மகள் என்று பிறந்தாள், யாரைக் கட்டினாள், என்று போய்ச் சேர்ந்தாள் என்பதை இன்றைக்கும் அங்கே தேடி எடுத்துவிடலாம்.

அதோடு விடவில்லை. ஹாம்ப்ஷயரில் செல்போர்ன் என்று ஒரு பாரிஷ். கில்பர்ட் ஒயிட் என்ற குருவானவர் அங்கே வாழ்ந்தார். எழுநூறு பேர் தேறாத ஊர் அது. அங்கே குருவிகள் எப்போது வருகின்றன, மண் எப்படி, பழைய மடம் எங்கே இருந்தது, தோட்டத்து ஆமை எப்போது மண்ணுக்குள் போய்த் தூங்குகிறது என்றெல்லாம் இரண்டு நண்பர்களுக்குக் கடிதமாக எழுதி, 1789இல் புத்தகமாகப் போட்டார். இருநூறு வருடம் தாண்டியும் அது அச்சில் இருக்கிறது. 1899இல் விக்டோரியா ராணி பெயரில் ஒவ்வொரு கவுண்டியின் வரலாற்றையும் பாரிஷ் பாரிஷாக எழுதும் வேலையைத் தொடங்கினார்கள். இன்னும் முடியவில்லை, எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். எழுநூறு பேர் ஊருக்கு அவ்வளவு. லட்சக்கணக்கில் ஜனம் நெருக்கியடித்து வாழும் தாராவிக்கு, உள்ளே இருப்பவர்கள் தமிழில் எழுதிய முழு வரலாறு எது? கல்பனா சர்மா 2000இல் ஆங்கிலத்தில் ஒரு நல்ல புத்தகம் எழுதினார். இங்கே வளர்ந்த புதிய மாதவி போன்றவர்கள் கதையாகவும் கட்டுரையாகவும் எழுதியிருக்கிறார்கள். வெளியூர் ஆய்வாளர்கள் எழுதியதை அடுக்கினால் ஓர் அலமாரி நிறையும். ஆனால் தெருவாரியாக, வீடுவாரியாக, நாமே எழுதிய ஊர்ப் புத்தகம் இல்லை.

பாரிஷை ஒரேயடியாகக் கொண்டாடவும் வேண்டாம். அதே பதிவேடு ஏழையைத் துரத்தவும் பயன்பட்டது. 1601 சட்டப்படி ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற வேண்டியது பாரிஷின் கடமை. செலவு கையைக் கடிக்கவே, 1662இல் இன்னொரு சட்டம் வந்தது: இந்தப் பாரிஷுக்காரன் என்று நிரூபி, முடியாவிட்டால் சட்டப்படி உனக்குரிய பாரிஷுக்குக் கிளம்பு. புதிதாக வந்தவர் ஊருக்குச் சுமையாவார் என்று தோன்றினால் 40 நாளுக்குள் புகார் கொடுத்து வெளியேற்றலாம். கைக்குழந்தையோடு ஊர் ஊராய்த் தள்ளிவிடப்பட்ட பெண்களின் வாக்குமூலங்கள் அந்தக் காகிதங்களிலேயே இருக்கின்றன. 1976 குடிசைக் கணக்கெடுப்பில் கொடுத்த போட்டோ பாஸை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டோடு சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிற நமக்கு இது புதுக் கதையா என்ன?

அவர்களுடைய இன்னொரு பழக்கம்தான் இந்த மடலுக்குக் காரணம். வரைபடம் இல்லாத காலத்தில் ஆண்டுக்கொரு முறை குருவானவரும் பெரியவர்களும் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு பாரிஷ் எல்லையைச் சுற்றி நடப்பார்கள். கையில் மரக்குச்சி. எல்லைக்கல் வரும்போதெல்லாம் அதை அடிப்பார்கள். சில இடங்களில் பையன்களையே கல்லில் முட்ட வைப்பார்களாம், எழுபது வயதிலும் அந்த இடம் மறக்கக்கூடாது என்று. அடி வேண்டாம். நடை வேண்டும். நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாராவியின் எல்லையை ஒருமுறை சுற்றி வந்தவர் நம்மில் எத்தனை பேர்? சாமி சப்பரம்கூட நம் ஆட்கள் இருக்கிற தெருவோடு திரும்பிவிடுகிறது.

கிழக்கே சயான் ஸ்டேஷன், தெற்கே மாட்டுங்கா வரை இறங்கும் மத்திய ரயில்பாதை. மேற்கே மாஹிம் பக்கம் மேற்கு ரயில்பாதை. வடக்கே மித்தி ஆறும் மாஹிம் கழிமுகமும், ஆற்றுக்கு அந்தப்பக்கம் கண்ணாடிக் கட்டடங்களாக பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ். வடமேற்கு ஓரத்தில் மாநகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தான்சா குழாய்கள். குழாய்மேல் நடந்து பள்ளிக்கூடம் போன தலைமுறை இன்னும் இருக்கிறது. அந்தத் தண்ணீர் தங்கள் வீட்டுக்கு வர அவர்கள் பல வருடம் காத்திருந்தார்கள்.

நடையைக் காலா கில்லாவில் தொடங்குங்கள். பஸ் டெப்போவுக்குப் பின்னால், வீடுகளுக்கு நடுவே ஒரு கருங்கல் கோட்டை நிற்கிறது. ரீவா கோட்டை என்றும் அதற்குப் பெயர். கவர்னர் ஜான் ஹார்ன் கட்டியதாக 1737 என்ற வருடத்தோடு கல்வெட்டு உண்டு. மராட்டியர் படை சாஷ்டித் தீவுக்குள் புகுந்த வருடம் அது. பம்பாய் அன்று இங்கே முடிந்தது, ஆற்றுக்கு அக்கரை வேறு ராஜ்ஜியம். நகரத்தின் நட்டநடுவில் இருக்கிறோம் என்று இப்போது எல்லோரும் நம் நிலத்துக்கு விலை சொல்கிறார்கள் அல்லவா, இது நகரத்தின் காவல் எல்லையாக இருந்த இடம்.

அடுத்து கோலிவாடா. 1909 பம்பாய் கெஜட்டியர் பெரிய கோலிவாடாக்கள் ஆறில் ஒன்றாகத் தாராவியைக் குறிக்கிறது. மீன்பிடித்த ஜனம். கழிமுகம் தூர்ந்து, தரைப்பாலங்கள் வந்து, ஆறு சாக்கடையான பிறகு அவர்கள் வலை காய்ந்தது. ஊருக்கு மூத்த குடி அவர்கள். நாம் வந்தேறிகள் என்று சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை, அவர்களுக்குப் பிறகு வந்த எல்லோருமே வந்தேறிகள்தான். சௌராஷ்டிரத்துக் குயவர்கள் தென்பம்பாயிலிருந்து தள்ளப்பட்டு வந்து, 1895இல் நிலம் பெற்றுக் கும்பார்வாடாவை அமைத்தார்கள். சூளைப் புகையை இன்றைக்கும் 90 அடி ரோட்டிலிருந்து பார்க்கலாம்.

நம் கதை தோலில் தொடங்குகிறது. அதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளிலேயே அதைச் சொல்லாமல் மறைத்தவர்கள் உண்டு.

பாந்த்ராவில் மாநகராட்சியின் ஆடுமாடு வெட்டும் கூடம் இருந்தது. பச்சைத்தோலை ஊருக்குள் பதனிட நகரம் விடாது, நாற்றம் தாங்காது. சதுப்பும் சகதியுமாகக் கிடந்த தாராவி கூடத்துக்குப் பக்கம். 1887 வாக்கில் இங்கே முதல் தோல் ஷாப்பு வந்தது. தமிழ்நாட்டிலிருந்து தோல் தொழில் தெரிந்த முஸ்லிம்கள் வந்து நடத்தினார்கள். பெரிய மசூதி, நாம் படி மஸ்ஜித் என்று சொல்வது, அந்த வருடத்தது. வேலைக்கு ஆள் வேண்டும். பிற சாதியார் தொடத் தயங்கிய வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடர் வந்தார்கள். நிலம் இல்லை, மழை இல்லை, இருந்த நிலத்திலும் கூலி மரக்கால் கணக்கு. பம்பாயில் கூலி ரூபாயாக வந்தது, யாரும் சேரிக்குள் போ என்று விரட்டவில்லை. நாற்றம் இருந்தது, அவ்வளவுதான்.

வேலை இப்படி. உப்புப் போட்டு வந்த தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இறக்குவார்கள். நாள்கணக்கில் ஊறிய பிறகு மயிர் இளகும். வளைந்த மரப்பலகைமேல் தோலை விரித்து, இரண்டு பக்கமும் பிடி வைத்த மழுங்கல் கத்தியால் மயிரை வழிப்பார்கள். திருப்பிப் போட்டுச் சதையை வழிப்பார்கள். பிறகு பட்டை ஊறிய தண்ணீர்த் தொட்டி. ஆவாரம்பட்டை, கடுக்காய் எல்லாம் தெற்கத்தித் தோல்காரர்களின் கைமுறை. முட்டளவு சுண்ணாம்புத் தண்ணீரில் நாளெல்லாம் நின்றவர்களின் கால் தோல் வெடித்து, நகம் பழுத்து உதிரும். சாயந்திரம் எத்தனை குளித்தாலும் வாடை போகாது. அந்த வாடையோடு வந்தவர்கள் பணம் கட்டித்தான் கோயில் எழும்பியது, பள்ளிக்கூடம் வந்தது. பின்னாளில் தோல் ஷாப்புகள் வெளியே போய்விட்டன. பையும் பெல்ட்டும் தைக்கிற பட்டறைகளும் கடைவீதியும் மிச்சம். அந்தக் கத்தியைப் பிடித்தவர்களில் உயிரோடு இருக்கிறவர்கள் சொற்பம். அவர்களிடம் யார் போய்க் கேட்கப் போகிறோம், எப்போது?

1913இல் கணேசர் கோயில், தாராவியின் மிகப் பழைய இந்துக் கோயில் என்று கணக்கு. ஆதிதிராவிட மகாஜன சங்கத்தாரின் கோயில். ஊரில் கோயில் தெருவுக்குள்ளேயே கால்வைக்க முடியாதவர்கள், வந்த இடத்தில் தாங்களே தர்மகர்த்தாக்களாக உட்கார்ந்து கட்டிய கோயில் அது. வைக்கம் போராட்டம் தொடங்கியது 1924இல் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த 1924இல்தான் தாராவியில் முதல் பள்ளிக்கூடமும் வந்தது. பம்பாயின் முதல் தமிழ்ப் பள்ளியும் அதுவே என்கிறார்கள். தை முதல்நாள் கோயில் முன்னால் தெருவடைத்து வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கல் வைப்பதை இப்போது பத்திரிகைக்காரர்கள் வருடந்தவறாமல் படமெடுக்கிறார்கள். முதன்முதலில் அப்படித் தெருவில் அடுப்பு வைத்தது யார், ஏன் வீட்டுக்குள் வைக்கவில்லை என்று எழுதியவர்கள் இல்லை. பத்துக்குப் பத்துக் கோலியில் எங்கே பொங்கல் வைப்பது என்பதுதான் பதிலாக இருக்கும். என் ஊகம். உங்கள் நோட்டில் வேறு பதில் இருந்தால் சந்தோஷம்.

ரயில்பாதையைத் தாண்டி மாட்டுங்காவுக்குப் போங்கள். 1896இல் பிளேக் வந்தது. நகரத்தைச் சீர்திருத்த 1898இல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் வைத்தார்கள். அந்த டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா பக்கம் அகலத் தெரு, சாக்கடை, பூங்கா என்று திட்டமிட்டுப் போட்டது. ஆபீஸ் வேலைக்கு வந்த தென்னிந்தியர் அங்கே குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952இல் சண்முகானந்தா சபை, 1963இல் அதன் மண்டபம். ஒவ்வொன்றுக்கும் வெள்ளிவிழா மலர், பொன்விழா மலர், பைண்டு செய்த அறிக்கை. 1990இல் மண்டபம் தீப்பிடித்து எரிந்தது, திரும்பக் கட்டினார்கள், அதற்கும் ஒரு மலர் வந்திருக்கும். செம்பூரிலும் அப்படியே. அவர்களைக் குறை சொல்லவில்லை. எழுதி வைத்தார்கள், இன்று பம்பாய்த் தமிழர் வரலாறு என்றால் கச்சேரியும் காப்பிக்கடையும் முதலில் நிற்கின்றன. நாம் எழுதவில்லை, ஆகவே நம் வரலாற்றைச் சினிமா எழுதிக்கொண்டது. 1987இல் நாயகன், 2018இல் காலா. இரண்டு படத்துக்கும் தாராவியைப் பெரும்பாலும் சென்னையில் செட் போட்டுத்தான் எடுத்தார்கள்.

எழுத ஆதாரம் எங்கே என்று கேட்பீர்கள். உங்கள் கோயிலில் எரிகிற பழைய டியூப்லைட்டை அண்ணாந்து பாருங்கள். வெளிச்சத்தைப் பாதி மறைத்துக்கொண்டு சிவப்பு பெயிண்டில் உபயம் என்று ஒரு பெயரும் ஓர் ஊரும் இருக்கும். சுவரில் கல் பதித்த நன்கொடைப் பட்டியல் இருக்கும். பெயருக்கு நேரே ஐந்து ரூபாய், பதினோரு ரூபாய். வரி நோட்டில் பெயர், சொந்த ஊர், கோலி எண், கொடுத்த தொகை, கொடுக்காவிட்டால் பாக்கி. இதைவிட நல்ல பாரிஷ் பதிவேடு எங்கே இருக்கிறது? வீட்டுக்குள் போனால் மொய் நோட்டு. 1960இல் நடந்த கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள், நாங்குநேரிக்காரர் எத்தனை பேர், எதிர்த்த சால் குஜராத்திக்காரர் என்ன எழுதினார், எல்லாம் அதில் உண்டு. எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் பெயரும் இனிஷியலும் தேதியும் வெட்டியிருப்பார்கள். பாட்டியின் சீர்வரிசைப் பாத்திரங்களை வரிசையாக வைத்தால் ஒரு குடும்பத்தின் கல்யாணங்களும் காதுகுத்தும் தேதியோடு வந்துவிடும். பள்ளிவாசலில் நிக்காஹ் பதிவேடு. தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவேடு. அதில் பெற்றோரின் தெற்கத்தி ஊர் இருந்தால், அந்த ஊர்ச் சபையின் புத்தகத்தில் அதற்கு முந்தைய தலைமுறையும் கிடைக்கும்.

ஆனால் எந்த நோட்டிலும் வராதவர்கள் பெண்கள். வரி கட்டியது ஆண் பெயரில், போட்டோ பாஸ் ஆண் பெயரில். மும்பை முழுக்கச் சைக்கிளில் ஹாரன் அடித்துப் போகிற இட்லிக்காரர் பின்னால், விடிகாலை மூன்று மணிக்கு ஈடு ஈடாக இட்லி அவிக்கிறவள் ஒருத்தி இருக்கிறாள். முந்தின நாள் மதியமே அரிசி ஊறப்போட்டு, மாவு பொங்கி வழியாமல் இரவில் இரண்டு தடவை எழுந்து பார்க்கிறவள் அவள். தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துச் சண்டை போட்டு, அந்தச் சண்டையிலேயே மராத்தி கற்றுக்கொண்டவள். தனியாள்களுக்குச் சோறு போட்டு மெஸ் நடத்தி, அந்தக் காசில் மகனை மாட்டுங்காக் கல்லூரிக்கு அனுப்பியவள். இவர்களிடம் போய் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும். கேட்கப் போகிறவர்களும் பெண்பிள்ளைகளாக இருந்தால்தான் பேச்சு நிற்காமல் வரும்.

எழுதும்போது வெள்ளையடிக்காதீர்கள். கள்ளச்சாராயம் காய்ச்சியதும் இங்கேதான். தாதா வரதராஜ முதலியாரிடம் பயந்தவர்களும் அவரிடம் உதவி வாங்கியவர்களும் ஒரே கல்லியில் இருந்தார்கள். 1966இல் சிவசேனை தோன்றிய பிறகு மதராஸி என்று அடி வாங்கியவர்கள் உண்டு. 1992 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் கலவரத்தில் தாராவி எரிந்தது. எரித்தவர்களும் இந்த ஊர்தான், பக்கத்து வீட்டாரைக் கோலிக்குள் ஒளித்து வைத்துக் காப்பாற்றியவர்களும் இந்த ஊர்தான். 2020இல் கொரோனா வந்தபோது செத்தே போவார்கள் என்று உலகம் எதிர்பார்த்த இடம், பிறகு உலக சுகாதார நிறுவனத் தலைவர் பெயர் சொல்லிப் பாராட்டிய இடம். 1985இல் ராஜீவ் காந்தி அறிவித்த பணம், 2004 திட்டம், 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடிக்கு எடுத்த ஏலம். ஒவ்வொன்றிலும் நம் சங்கங்கள் என்ன தீர்மானம் போட்டன, யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதும் வரட்டும். பேரப்பிள்ளைகள் படித்துவிட்டுத் திட்டினால் திட்டட்டும்.

இனி உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாராவித் தமிழரில் ஒரு சாதிக்கு ஒரு சங்கம், சில சாதிக்கு இரண்டு. ஆதிதிராவிடர் நோட்டில் நாடார் பெயர் இருக்காது, நாடார் நோட்டில் தேவர் பெயர் இருக்காது, மூன்றிலும் தமிழ் முஸ்லிம் இருக்கமாட்டார். இந்த நிலையில் ஆளுக்கொரு மலர் போட்டால் ஐந்து தாராவி கிடைக்கும், ஐந்தும் பொய். பாரிஷிடம் நான் மதிக்கிற ஒரே விஷயம், அது ரத்தத்தைப் பார்த்து ஆள் சேர்க்கவில்லை, எல்லைக்கோட்டைப் பார்த்துச் சேர்த்தது. கோட்டுக்குள் பிறந்தவன், கோட்டுக்குள் செத்தவன், எல்லோரும் ஒரே புத்தகத்தில். தங்கள் சபையைச் சேராதவர்களை அவர்கள் விட்டதும் உண்டு, அந்தத் தப்பை நாம் செய்ய வேண்டாம். கோலிவாடாக்காரர், கும்பார்வாடாக்காரர், லேபர் கேம்ப்காரர், 13 காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிக்கிற பீகார்ப் பையன், நேற்று வந்து மேல்தளத்தில் வாடகைக்கு இருக்கிறவர், எல்லோருக்கும் இந்தப் புத்தகத்தில் பக்கம் வேண்டும். தகுதிப் பட்டியலில் பெயர் வராதவர் பெயர் இதிலாவது வரட்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 2005இல் நூலகம் என்ற பெயரிலேயே ஈழத்து இளைஞர்கள் மின்னூலகம் தொடங்கி, கிடைத்த மலர், கிடைத்த நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டறிக்கை வரை பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேர்த்தார்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட கிராமத்தார் ராணுவ வேலிக்கு உள்ளே கிடந்த தங்கள் ஊரை நினைவிலிருந்து எழுதினார்கள். எந்தக் கிணறு யாருடையது, எந்த ஒழுங்கை எங்கே திரும்பும் என்பது வரை. அவர்களுக்கு ஊரை இழந்த பிறகுதான் எழுத நேர்ந்தது. நமக்குச் சுவர் இன்னும் நிற்கிறது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒவ்வொரு சங்கமும் இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமியுங்கள், ஒருவர் முப்பதுக்குக் கீழே, ஒருவர் பெண். பழைய நோட்டு, தீர்மானப் புத்தகம், ரசீதுக் கட்டு, திருவிழா நோட்டீஸ், குரூப் போட்டோ எல்லாவற்றையும் மொபைலில் படமெடுக்கட்டும். அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட, வரிசை மாறாமல். யார் வீட்டில் இருந்தது, யார் கையெழுத்து என்று உடனே எழுதிக்கொள்ளட்டும். ஒரு வாரம் கழித்தால் மறந்துவிடும். போட்டோவில் நிற்கிறவர்களின் பெயரை இடமிருந்து வலமாகக் கேட்டு எழுதுங்கள். எழுபது தாண்டியவர்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள், அவர்கள் பேசுகிற பேச்சிலேயே. ஒரு பிரதி இங்கே இருக்கட்டும், இன்னொன்றைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடத்தில் கேட்டு வைக்கலாம். ஆதார், வங்கி எண், சொத்துத் தகராறு சம்பந்தப்பட்ட எதையும் பொதுவில் விடாதீர்கள். வரலாறு எழுதப் போய் ஒருவருடைய வீட்டுக்கு வினை வைத்துவிடக்கூடாது. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியர்களிடம் பார்க்கக் கேளுங்கள். வகுப்புகள் சுருங்கிவரும் பள்ளிகளில் அந்தப் புத்தகங்கள் எத்தனை நாள் பத்திரமாக இருக்கும்?

அதற்கு முன்னால் அந்த நடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எல்லாச் சங்கத்தாரும் சேர்ந்து, பிள்ளைகளோடு. காலா கில்லாவில் தொடங்கி, கோலிவாடா, கும்பார்வாடா, படி மஸ்ஜித், கணேசர் கோயில், தோல் கடைவீதி, குழாய்ப் பாதை, குப்பைமேடாக இருந்து 1994இல் காடாகித் திறந்த மாஹிம் இயற்கைப் பூங்கா வரை. கொடி வேண்டாம், மைக் வேண்டாம், தலைவர்களுக்குச் சால்வை வேண்டவே வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்து மூத்தவர் ஒருவர் ஐந்து நிமிடம் பேசட்டும். கோலிவாடாவில் மராத்தியில் பேசுவார்கள், கும்பார்வாடாவில் குஜராத்தியில். நம் பிள்ளைகளுக்கு இரண்டும் புரியும்.

வரும் பொங்கலுக்குள் ஒரே ஒரு கூட்டம் கூட்டுங்கள். யார் முன்னால் கூட்டுவது என்ற சண்டையில் பொங்கலை விட்டுவிடாதீர்கள். எந்தச் சங்கத்து நோட்டையும் யாரும் எடுத்துப் போகப் போவதில்லை, படம் எடுக்க மட்டும் விடுங்கள். பழைய கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். சயானில்தான் இருக்கிறேன், நடந்தே வந்துவிடலாம்.

இப்படிக்கு,
தாராவியில் பிறந்து சயானில் குடியிருக்கும் ஒருவன்